சைக்கிள் ஹெல்மெட் வாங்குவது, மாட்டுவது: புதிதாக ஓட்டுபவர்களுக்கு

தலையில் ஆடுகிற விலை உயர்ந்த ஹெல்மெட்டைவிட, கச்சிதமாக உட்காரும் சாதாரண ஹெல்மெட்தான் உங்களைக் காப்பாற்றும். அதனால் கடைக்குப் போகும் முன் தலையை அளந்துவிடுங்கள்.

அளவு

தையல் டேப்பைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே நெற்றியில் வைத்து, காதுகளுக்கு மேலாக, பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றிக் கொண்டு வாருங்கள். இரண்டு முறை அளந்து, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொன்றில் லார்ஜாக இருக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் சென்டிமீட்டர் அளவை மட்டும் நம்புங்கள். நீளமான முடி இருந்தால், ஓட்டும்போது எப்படி முடிவீர்களோ அப்படியே முடிந்துகொண்டு அளக்க வேண்டும். உச்சிக் கொண்டை கூடாது, ஹெல்மெட் தூக்கிக்கொண்டு நிற்கும். பின்னலைக் கழுத்தருகே தாழப் போடுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியது

உட்புறத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தைக்கு அடியில் தெர்மோகோல் போன்ற கெட்டியான நுரை தட்டுப்பட வேண்டும். வெறும் ஸ்பாஞ்சும் பிளாஸ்டிக் ஓடும் மட்டும் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அடியை வாங்கிக்கொள்வது அந்த நுரைதான்: அது நசுங்கும் நேரத்தில் தலை கொஞ்சம் கொஞ்சமாக நிற்கிறது. நசுங்கிய நுரை பழைய நிலைக்குத் திரும்பாது. அதனால்தான் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லை என்றாலும், மாற்றியே ஆக வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். அதன் கதை உங்களுக்குத் தெரியாது.

ஸ்டிக்கரில் சைக்கிள் ஹெல்மெட்டுக்கான பாதுகாப்புத் தர முத்திரை, அதாவது ஐரோப்பாவின் ஈ.என். (EN) 1078 அல்லது அமெரிக்காவின் சி.பி.எஸ்.சி. (CPSC), இருக்கிறதா என்று பாருங்கள். சி.பி.எஸ்.சி. சோதனையில் ஹெல்மெட் மாட்டிய பொம்மைத் தலையை 2 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின் மேல் போடுகிறார்கள். ஐ.எஸ். (IS) 4151 என்ற இந்தியத் தர எண் இருந்தால் அது மோட்டார் பைக்குக்கானது. நம் வெயிலில் அதைப் போட்டு மிதித்தால் வியர்த்துக் கொட்டும், பாதி வழியில் ஹேண்டில்பாரில் தொங்கும்.

மாட்டும் முறை

ஹெல்மெட் தலையில் சமமாக உட்கார வேண்டும்; புருவத்துக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. பலரும் தொப்பி மாதிரி பின்னால் தள்ளி மாட்டுகிறார்கள். முன்பக்கமாக விழுந்தால் நெற்றி நேராகத் தரையில் மோதும்.

பின்னால் உள்ள திருகை இறுக்கி, வாரைப் பூட்டாமலேயே தலையை ஆட்டுங்கள். ஹெல்மெட் நகரக் கூடாது. பிறகு இரு பக்கத்திலும் முன் வாரும் பின் வாரும் காது மடலுக்குச் சற்றுக் கீழே ‘வி’ வடிவில் சேரும்படி, அவை சேரும் இடத்தில் உள்ள பக்கிளை நகர்த்துங்கள். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் போதும்.

இப்போது வாயை அகலமாகத் திறந்து கொட்டாவி விடுங்கள். ஹெல்மெட் தலையைக் கீழே அழுத்துவது தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் வாரை இன்னும் இறுக்குங்கள். பின்னால் சரிகிறதா? காதுக்கு முன்னால் உள்ள வாரைச் சுருக்குங்கள். முன்னால் கவிழ்ந்தால் பின் வாரை.

அழுக்கானால் சோப்புத் தண்ணீர் மட்டும். தின்னர், பெட்ரோல், பெயின்ட் எதுவும் படக் கூடாது, நுரையை அரித்துவிடும்.

மற்றவை

ஹெல்மெட்டுக்கு அடுத்து காசு போட வேண்டியது விளக்குகளில்: பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை. பளிச்சென்ற மஞ்சள் சட்டை பகலில் உதவும், இருட்டில் உதவாது. இரவுக்கு ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டைதான் வேண்டும். அதைக் கணுக்காலில் கட்டுங்கள். மிதிக்கும்போது மேலும் கீழும் அசைவதால், பின்னால் வருபவருக்கு அது சைக்கிள் என்று தூரத்திலேயே புரியும்.

விழும்போது முதலில் தரையில் ஊன்றுவது உள்ளங்கை, அதற்குக் கையுறை. துப்பட்டாவையும் பேன்ட் ஓரத்தையும் செயினுக்குச் சிக்காமல் செருகிவிடுங்கள்.

குழந்தைகளுக்கு ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று பெரிய அளவில் வாங்காதீர்கள். சைக்கிளை விட்டு இறங்கிச் சறுக்கு மரத்துக்கோ ஊஞ்சலுக்கோ ஓடும் முன் ஹெல்மெட்டைக் கழற்றிவிடுங்கள். கம்பி இடுக்கில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டால், தாடை வார் கழுத்தை இறுக்கிவிடும்.