மிகை ஈர்ப்பில் சிறுநீரகம்: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மையவிலக்கு இயந்திரத்தில் எலிகளை 2 ஜி ஈர்ப்பில் (புவியின் இயல்பான ஈர்ப்பான 1 ஜி-யின் இருமடங்கு) வைத்து அவற்றின் சிறுநீரகச் செயல்பாட்டை அளக்க வரும் புதியவர்கள், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழைகளைச் செய்வதை மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். தராசைச் சரிபார்ப்பது, குப்பிகளில் பெயர் ஒட்டுவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

குடிக்காத எலியின் சிறுநீரைக் கொண்டு சிறுநீரகத்தை மதிப்பிடுவது

சுழற்சி தொடங்கிய முதல் சில நாள்களில் எலி உணவையும் நீரையும் வெகுவாகக் குறைத்துக்கொள்கிறது. எடையும் உடல் வெப்பநிலையும் இறங்குகின்றன. இதில் உள்செவிக்குப் பெரிய பங்கு உண்டு. ஈர்ப்பை உணர உதவும் செவிக்கற்கள் பிறவியிலேயே இல்லாத சுண்டெலிகளை 2 ஜி-யில் வைத்தபோது, இயல்பான சுண்டெலிகளிடம் காணப்பட்ட கடுமையான வெப்பநிலை வீழ்ச்சி அவற்றிடம் தோன்றவில்லை என்று 2002-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே முதல் வாரத்தில் சிறுநீர் குறைந்தும் செறிந்தும் வருவதற்குச் சிறுநீரகமே காரணம் என்று கொள்ள முடியாது. நீர் வரவு குறைந்தால் எந்தச் சிறுநீரகமும் நீரைத் தக்கவைத்துக்கொள்ளும். வெளியேறும் சோடியமும் உண்ட தீனியின் அளவைப் பின்தொடர்ந்தே செல்லும்.

என் முதல் ஆய்வில் இதை நான் கவனிக்கவில்லை. மூன்று மாதங்கள் சோடியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் தசைக் கழிவு), சிறுநீரின் செறிவு ஆகியவற்றை அளந்து, மிகை ஈர்ப்பு சிறுநீரகத்தை நீர் சேமிக்கத் தூண்டுகிறது என்று முடிவுரையும் எழுதிவிட்டேன். அவை எவ்வளவு குடித்தன என்று மூத்த ஆய்வாளர் ஒருவர் கேட்டபோது, என்னிடம் இருந்தது விருப்பம்போல் உண்டு குடித்த 1 ஜி குழு மட்டுமே. சுழலும் எலி ஒருநாள் உட்கொண்ட அதே அளவு தீனியையும் நீரையும் மறுநாள் சுழலாத எலிக்குக் கொடுக்கும் இணையூட்டக் குழுவை அமைத்துத் திரும்பச் செய்தபோது, நான் கண்ட வேறுபாட்டின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. அத்தனை விலங்குகளையும் வீணாகத் துன்புறுத்தினோம் என்ற எண்ணம் இன்னும் என்னை உறுத்துகிறது; ஆகவே இணையூட்டக் குழு இல்லாத ஆய்வுத் திட்டத்தைப் பார்த்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

சொட்டும் நீர்ப்புட்டி

2 ஜி-யில் புட்டியின் நீர் தன் குழாய்முனையில் இருமடங்கு அழுத்தம் தருகிறது. சொட்டியது குடித்ததாகக் கணக்கில் ஏறுவதோடு, கூண்டுக்கடியில் சிறுநீர் சேகரிக்கும் புனலில் விழுந்து சிறுநீரையும் நீர்க்கச் செய்துவிடுகிறது. ஆளில்லாத கூண்டில் ஒரு புட்டியைச் சுழலவிட்டு, அதன் இழப்பை எடைபோட்டுக் கழிக்க வேண்டும்.

நிறுத்திய பின் இரத்தம் எடுப்பது

சிறுநீரகத்தை நீர் சேமிக்கச் சொல்லும் ஹார்மோனான வேசோபிரெசின் இரத்தத்தில் சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும். இயந்திரம் நின்று, கூண்டைத் திறந்து, மயக்கமருந்து கொடுத்து எடுக்கும் மாதிரி 2 ஜி-யின் நிலையைச் சொல்லாது. அந்த மருந்தும் கையாளும் அதிர்ச்சியும் அதே ஹார்மோனை மாற்றக்கூடியவை.

மனிதரின் கணக்கை எலிக்குப் போடுவது

நிமிர்ந்து அமர்ந்த மனிதரில் இதயத்துக்கும் மூளைக்கும் இடையிலான சுமார் 30 செ.மீ. இரத்த நிரல் 1 ஜி-யில் ஏறக்குறைய 23 மி.மீ. பாதரச அழுத்தம் தரும்; 2 ஜி-யில் அது இரட்டிப்பாகும். நான்கு காலில் நிற்கும் எலியில் 5 செ.மீ. நிரலுக்கு 2 ஜி-யிலும் 8 மி.மீ.-க்குள்தான். கால்களில் இரத்தம் தேங்கி, இதயத்துக்குத் திரும்புவது குறைந்து, ரெனின் (இரத்த அழுத்தத்தை உயர்த்த உதவும் சிறுநீரக நொதி) உயர்கிறது என்று மனிதருக்குச் சொல்லப்படும் விளக்கத்தை எலிக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

சுழற்சிக் கட்டுப்பாட்டுக் குழு

சுழற்சியின் விளைவை ஈர்ப்பின் விளைவிலிருந்து பிரித்தறிய, சுழன்றாலும் ஈர்ப்பு 1 ஜி-யை ஒட்டியே இருக்கும் அச்சுக்கு அருகே ஒரு கூண்டு வையுங்கள்.