கடலரிப்பு: கல் கொட்டுவதற்கு முன் ஊர் செய்ய வேண்டிய வேலைகள்

இலங்கையின் கிழக்குக் கரையில், வாகரையிலிருந்து பொத்துவில் வரை, மாரியில் கரை குறைவதும் வாடைக் கடல் ஓய்ந்தபின் ஒரு பகுதி திரும்புவதும் வழமை. பெரிய அலை இழுத்துப்போகும் மணல் கரைக்குச் சற்று வெளியே திட்டாகக் கிடக்கும். கடல் தணிந்ததும் சிறு அலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றும். போன மணல் திரும்பாத கரைக்குத்தான் உண்மையான கடலரிப்பு. இது தெரியாமல் மார்கழியில் பதறிக் கல் கொட்டினால், மணல் திரும்பி வந்து தங்கவேண்டிய இடத்தை நாமே அடைத்துவிடுகிறோம். அதனால் முதல் வேலை அளப்பது.

அளவு எடுப்பது

அசையாத அடையாளம் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்: கிணற்றுக்கட்டு, மதில் மூலை, அல்லது ஆழமாக நட்ட கொங்கிறீற்றுத் தூண். ஏறத்தாழ 100 மீற்றருக்கு ஒன்று போதும். 1.5 மீற்றர் நீளமான இரண்டு தடிகளில் சென்டிமீற்றர் குறித்து, அவற்றை 2 மீற்றர் கயிற்றால் இணையுங்கள். அடையாளத்திலிருந்து கடலை நோக்கி நேராக இறங்க வேண்டும். மேட்டுப்பக்கத் தடியோடு நிற்பவர், கடற்பக்கத் தடியின் உச்சியை அடிவானத்தோடு ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பார். அந்தக் கோடு அவருடைய தடியை உச்சியிலிருந்து 12 சென்டிமீற்றர் கீழே வெட்டினால், அந்த 2 மீற்றருக்குள் மணல் 12 சென்டிமீற்றர் இறங்கியிருக்கிறது. தண்ணீர் விளிம்பு வரை இப்படியே போய் எழுதிக்கொள்ளுங்கள். தடி ஈரமணலில் புதைந்தால் கணக்குப் பிழைக்கும். அடியில் ஒரு தட்டையான பலகைத் துண்டு அடியுங்கள்.

மாதம் ஒருமுறை, கடல் கொந்தளித்து ஓய்ந்தபின் ஒருமுறை அளவெடுங்கள். நம் பக்கம் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு என்றாலும், ஒரே நேரத்தில், கடல் அமைதியான நாளில் அளப்பது நல்லது. பங்குனியைப் பங்குனியோடு ஒப்பிடுங்கள். பங்குனியை மார்கழியோடு ஒப்பிட்டால் எந்தக் கரையும் அழிவதாகத்தான் தெரியும்.

மட்டை வேலியும் அடம்பனும்

மாரி அலை கடைசியாக ஏறிய குப்பைக் கோட்டிலிருந்து 3 முதல் 5 மீற்றர் ஊர்ப்பக்கமாக, கரைக்குச் சமாந்தரமாக வேலி போடுங்கள். உயரம் 1 மீற்றர், கம்பு 1.5 மீற்றருக்கு ஒன்று, மண்ணுக்குள் குறைந்தது 60 சென்டிமீற்றர். தென்னை அல்லது பனை மட்டையை நிறுத்தி, மட்டையின் அகலத்துக்குச் சமமாக இடைவெளி விட்டுத் தும்புக் கயிற்றால் கட்டுங்கள். இடைவெளிதான் இதில் உயிர். கிடுகை நெருக்கி அடைத்தால் காற்று மோதிச் சுழன்று அடிமணலைத் தோண்டும், ஒரே பருவத்தில் வேலி சாயும். பாதிக்குப் பாதி திறந்திருந்தால் காற்று வேகம் குறைந்து மணலை இருபக்கமும் போட்டுவிட்டுப் போகும். நைலோன் கயிறும் கம்பியும் வேண்டாம். வேலி உடைந்தால் அவை வலையில் சிக்கும், ஆமையையும் கொல்லும்.

மாசியில், மணல் காயத் தொடங்கும்போது, வேலி நிற்க வேண்டும். பின்னேரக் கடற்காற்று கொண்டுவரும் மணலும், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கடலுக்குள் தள்ளப்பார்க்கும் மணலும் அதில் தங்கும். மூன்றில் இரண்டு புதைந்தால் மேலே இன்னொன்று கட்டுங்கள்.

சேர்ந்த மணலைப் பிடித்துவைப்பது கொடிதான். ஐப்பசிக் கடைசியில் மழை தொடங்கியதும், வேலியின் ஊர்ப்பக்கத்தில் அடம்பனும் இராவணன் மீசைப் புல்லும் நடுங்கள். அடம்பனை 50 சென்டிமீற்றர் துண்டாக, நான்கைந்து கணுக்களோடு வெட்டி, நுனி மட்டும் வெளியே தெரிய, கையில் ஈரம் படும் ஆழத்தில் படுக்கவைத்து மூட வேண்டும். மேலோட்டமாகச் செருகினால் மறுநாள் வெயிலிலேயே கருகும். வெட்டிய துண்டை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, அடுத்த நாளுக்குள் நட்டுவிடுங்கள். ஒரு மீற்றருக்கு ஒன்று, வரிசை மாறி மாறி. 100 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலத்துக்கு ஏறக்குறைய 500 துண்டு. பட்டுப்போவதற்கு ஈடாக இன்னும் 150 தேவை. வெட்டும் இடத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள், இல்லையென்றால் அந்த மேடு போய்விடும். ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்ற பழமொழி மணலுக்கு அப்படியே பொருந்தும்: தனித்தனியாக நின்ற கொடியை முதல் அலையே பிடுங்கும்.

சவுக்கை முன்வரிசையில் நடாதீர்கள். அதன் சருகு மூடிய இடத்தில் கொடி வராது. அடிமணல் போனால் மரம் வேரோடு சாய்ந்து குழியும் விடும். தாழை, பூவரசு, புன்னை பின்னால் வரட்டும்.

ஆடு மாடு ஏறினால் எல்லாம் வீண். கரைவலை இழுக்கும் இடமான பாட்டுக்கும் வள்ளம் ஏற்றவும் முதலிலேயே வழி ஒதுக்குங்கள். வழியை வாடைக்கு நேரே திறக்காமல் சாய்வாக விட்டால் காற்று அதைப் பள்ளமாக்காது. கடற்றொழிலாளர் சங்கத்தைக் கேட்காமல் போட்ட வேலி அடுத்த கிழமையே பிடுங்கப்படும், அதில் அவர்கள்மேல் குற்றமும் இல்லை.

முகத்துவாரத்துக்கு அருகே இந்த வேலை பலிக்காது. வாய் இடம் மாறும்போது கரையும் மாறும்.

கல்லும் மண்மூட்டையும்

நெட்டுக்குத்தாகக் கட்டிய மதிலில் அலை மோதித் திரும்பும்போது அடிமணலை வாரிக்கொண்டு போகும். பிறகு மதிலே விழும். கல்லணை போடுவதானால் சாய்வு 1 மீற்றர் உயரத்துக்கு 2 மீற்றர் கிடை, கல்லுக்குக் கீழே தண்ணீரை விட்டு மணலைத் தடுக்கும் வடிதுணி, அதன்மேல் சிறுகல், பிறகு பெருங்கல், அடிக்கால் மணலுக்குள் புதைந்து இருக்கவேண்டும். வடிதுணி இல்லாத கல் ஒவ்வொரு மாரியிலும் கொஞ்சம் புதையும். உரப்பை மூட்டை வெயிலில் சில மாதங்களில் நைந்துவிடும், அவசரத்துக்கு மட்டுமே. அதற்கும் அதே கரையில் மணல் அள்ளக்கூடாது.

கடலுக்குள் குறுக்கே நீட்டும் அணை இன்னும் பாரதூரமானது. இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்பால் தெற்கிலும் வாயிலிலும் மணல் குவிந்தது, வடக்கே கரை போனது. உங்கள் ஊர் கேட்கும் அணைக்கு வடக்கே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள்.

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் கட்டுமானம் செய்ய கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வேலி, நடுகைக்கும் தொடங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தோடு குறைந்தது ஒரு வருட அளவுக் குறிப்பு, ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்கள், பாடு, மீனவர் குடிசையான வாடி, கிணறு குறித்த வரைபடம் ஆகியவற்றை இணைத்து, கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்தில் கொடுங்கள். ஒரு பிரதி ஊரில் இருக்கட்டும், அளவும் மாதாமாதம் தொடரட்டும்.