பொருந்தாத நெட்டாங்குகள்: இரு மழைவீழ்ச்சிக் கோப்புகளை இணைத்த என் அனுபவம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் மாரி மழையையே நம்பியிருப்பதால், 0.05 பாகைக் கட்டங்களாக அமைந்த இரண்டு மழைவீழ்ச்சிக் கோப்புகள் எவ்வளவு வேறுபடுகின்றன என அறிய, பைதன் என்ற நிரல்மொழியில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தேன். விடையில் 79.875, 80.125 போன்ற சில நெட்டாங்குகள் மட்டுமே எஞ்சியிருந்தன, ஏனையவை மறைந்துவிட்டன.

எஞ்சியவையே காரணத்தைக் காட்டிக்கொடுத்தன. அவை கணினி எண்களைச் சேமிக்கும் துவித முறையில் (0, 1 மட்டும் கொண்ட முறை) மீதியின்றி எழுதக்கூடிய எண்கள். 80.025 அப்படிப்பட்டதன்று, ஒரு கோப்பு பயன்படுத்திய 32 பிட் வடிவில் அது 80.0250015 ஆகிவிடுகிறது, மற்றைய கோப்போ இன்னும் நுணுக்கமான 64 பிட் வடிவில் இருந்தது. நிலத்தில் இவ்வேறுபாடு சுமார் 17 சென்ரிமீற்றர்தான் என்றாலும், இரு பெறுமானங்களும் முற்றிலும் சமமாக இருந்தால் மட்டுமே, நான் கழித்தலுக்குப் பயன்படுத்திய பைதன் நூலகமான எக்ஸ்அரே (xarray) இயல்பாக அவற்றை இணைக்கும்.

இதைச் சரிசெய்ய 32 பிட் நிலையிலேயே மூன்று தசமதானங்களுக்கு மட்டந்தட்டினாலும் அதே எண்தான் மீண்டும் வரும். அருகிலுள்ள கட்டத்தை எல்லையின்றித் தேடச் சொல்வதை நான் விரும்பவில்லை. ஒரு கோப்பு கட்டத்தின் மையத்தையும் மற்றையது மூலையையும் குறித்தால், அந்த அரைக்கட்டப் பிழை வெளியே தெரியாமலே போய்விடும்.

எனவே ஆள்கூறுகளை முதலில் 64 பிட்டுக்கு மாற்றி, இரு கோப்புகளுக்கும் பொதுவான ஒரு தொடக்கப் பெறுமானத்தைக் கழித்து, 0.05 ஆல் வகுத்து, அருகிலுள்ள முழுவெண்ணுக்கு மட்டந்தட்டினேன் (கீழ்நோக்கி வெட்டினால் 2.9999 என்பது 2 ஆகி அயல் கட்டத்தில் விழும்). அந்த முழுவெண்களிலிருந்து இரு கோப்புகளின் ஆள்கூறுகளையும் ஒரே சூத்திரத்தால் மீண்டும் உருவாக்கினேன். பழைய, புதிய பெறுமானங்கள் 0.001 பாகைக்கு மேல் விலகினால் நிரல் அங்கேயே நின்றுவிடும்.