நல்ல ஒயின் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம், பெங்களூரு, புதுச்சேரி என்று போகிறவர்கள் திராட்சை ஒயின் வாங்கும்போது லேபிளையும் விலையையும்தான் பார்க்கிறார்கள். முதலில் கடையைப் பாருங்கள். பிராந்தி, விஸ்கி சூட்டைத் தாங்கும். ஒயின் தாங்காது, மூடி திறக்காமலே கெட்டுவிடும்.

படி 1: கடை யாருடையது?
தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் வசம். சாதாரணக் கடையில் கம்பிக்கு வெளியே நின்று வாங்க வேண்டும். எலைட் கடையில் பாட்டிலை நாமே எடுத்துப் பார்க்கலாம், அங்கேயே போங்கள். களியக்காவிளை தாண்டினால் கேரள அரசின் மதுக்கடையான பெவ்கோ. அங்கே 23 வயது ஆகியிருக்க வேண்டும், மாதத்தின் முதல் தேதி கடை கிடையாது. பெங்களூரிலும் புதுச்சேரியிலும் பெரும்பாலும் தனியார் கடைகள். ஒன்று சரியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம்.

படி 2: பாட்டில்கள் எங்கே இருக்கின்றன?
எனக்கு இதுதான் முக்கியமான சோதனை. ஒயினுக்கு ஏற்றது 12 முதல் 15 டிகிரி. கடை முழுக்க அந்தக் குளிர் இருக்காது, ஆனால் உள்ளே போனதும் புழுங்கினால் விலை உயர்ந்த பாட்டிலைத் தொடாதீர்கள். கண்ணாடி வழியாக வெயில் விழும் இடத்தில் அடுக்கியிருந்தாலும் வேண்டாம். இரவில் ஏசியை நிறுத்திவிடுவார்களா என்று கேளுங்கள். கார்க் போட்ட பாட்டில் படுத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் நின்றால் கார்க் காய்ந்து காற்று புகும். திருகு மூடி என்றால் நின்றாலும் பரவாயில்லை. திருகு மூடி போட்டதாலேயே அது மட்டமான ஒயின் என்று நினைக்காதீர்கள், நாசிக்கின் சுலா நிறுவன ஒயின்களில்கூடத் திருகு மூடிதான் அதிகம்.

படி 3: பாட்டிலைக் கையில் எடுங்கள்
கார்க் மேலே தள்ளியிருக்கிறதா, கழுத்தில் பிசுபிசுப்பு இருக்கிறதா, ஒயின் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் சூடு பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் லேபிளில் திராட்சை அறுவடை ஆண்டு. விலை குறைந்த வெள்ளை ஒயினும் ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினும் ஓரிரு ஆண்டுக்குள் குடிக்க வேண்டியவை. ஐந்து வருடம் பழையதைத் தள்ளுபடியில் தந்தால் விட்டுவிடுங்கள்.

படி 4: ஒரு கேள்வி
“இது எப்போ வந்த ஸ்டாக், அண்ணே?” நல்ல கடைக்காரர் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொல்வார். எதைக் கேட்டாலும் விலை கூடியதையே நீட்டுகிறவரிடம் வாங்காதீர்கள்.

முதல் தடவை ஒரே பாட்டில், நடுத்தர விலையில் போதும். மாநில எல்லை தாண்டிக் கொண்டுவரத் தனி விதிகள் உண்டு. அதை விசாரிக்காமல் காரில் ஏற்ற வேண்டாம்.