இரண்டாம் சீசன் இழுக்கிறதா? எடிட்டிங்குக்கு முன் பார்க்க வேண்டியவை

மர்மத் தொடரின் இரண்டாம் சீசன் இழுவை என்றால், முதலில் எடிட்டர் தலைதான் உருளும். ஷாட்டுகளைக் குறுக்கி, பின்னணி இசையைக் கூட்டிப் பார்ப்பார்கள். அதனால் தொய்வு போகாது. ஒரு கேள்வி எழுந்து விடை கிடைப்பதற்குள் பார்ப்பவருக்குப் புதிதாக எதுவும் தெரியவராத இடம்தான் இழுக்கும். அது திரைக்கதையில் இருக்கும் ஓட்டை.

முதலில் ஒரு தாளில் கேள்விகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று எண்கள்: எந்த எபிசோடில் எழுகிறது, எவற்றில் புதுத் தகவல் வருகிறது, எதில் விடை. முதல் சீசனில் தொங்கலில் விட்டவற்றையும் சேருங்கள். எட்டு எபிசோடுக்குப் பெரிய கேள்வி ஒன்றும் நடுத்தரக் கேள்விகள் மூன்று நான்கும் தாராளம். ஒரு கேள்வி தொடர்ந்து மூன்று எபிசோட் அசையாமல் கிடந்தால், அங்கேதான் ஆள் போனை நோண்டத் தொடங்குகிறார்.

பழைய மர்மத்துக்கு எப்போது விடை சொல்வது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 1990இல் தொடங்கிய ‘ட்வின் பீக்ஸ்’ என்ற அமெரிக்கக் கொலை மர்மத் தொடரின் முதல் சீசன் 8 எபிசோட், இரண்டாவது 22. சேனலின் நெருக்கடியில் கொலையாளி யார் என்பது இரண்டாம் சீசனின் 7ஆம் எபிசோடிலேயே வெளிவந்தது. 9ஆவதில் அந்த வழக்கே முடிந்தது. மீதி 13 எபிசோடைத் தாங்கும் அளவுக்குக் கனமான கேள்வி கைவசம் இல்லை. கிளைக்கதைகள் ஆளுக்கொரு திசையில் போயின. அமெரிக்க ‘தி கில்லிங்’ இதற்கு நேர்மாறு. 2011இல் வந்த முதல் சீசன் 13 எபிசோட் ஓடியும் கொலையாளியைச் சொல்லாமல் முடிந்தது. விடை 26ஆம் எபிசோடில்தான் வந்தது. பார்த்தவர்கள் கொதித்தார்கள்.

ஆக, விடையைச் சீக்கிரமே சொல்லலாம், ஆனால் அதற்கு இரண்டு எபிசோட் முன்பே அடுத்த கேள்வியை ஊன்றியிருக்க வேண்டும். அந்தக் கேள்வி விடையிலிருந்தே முளைத்தால் இன்னும் நல்லது. கொன்றவன் இவன்தான் என்று தெரிகிறது. சரி, அன்றிரவு உள்ளேயிருந்து தாழ்ப்பாளைத் திறந்துவிட்டது யார்?

அடுத்து, 3 முதல் 5 வரையிலான எபிசோடுகள். பெரும்பாலும் சீசன் படுத்துவிடுவது இங்கேதான். காட்சிக்கு ஓர் அட்டை, கதைக்கு ஒரு நிறம் என்று சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வோர் அட்டையிலும் இரண்டு வரி எழுதுங்கள்: பார்ப்பவருக்குப் புதிதாக என்ன தெரிகிறது? இந்தக் காட்சிக்குப் பிறகு யாருக்கு எந்த வழி அடைபடுகிறது? இரண்டும் காலி என்றால் தூக்கிவிடுங்கள். ஒன்றுதான் நிரம்புகிறது என்றால் பக்கத்துக் காட்சியோடு சேர்க்கலாம். முதலில் விழுவது, நாம் ஏற்கெனவே பார்த்ததை இன்ஸ்பெக்டர் மேலதிகாரிக்கு ஒப்பிக்கும் காட்சியாகத்தான் இருக்கும். வாரம் ஒன்றாக வெளியாகும் தொடருக்கு நினைவூட்டல் தேவைப்படும். அப்போது அதே தகவல்களை வைத்து அதிகாரி தப்பான ஆளைக் கைகாட்டட்டும். நினைவூட்டலும் ஆயிற்று, மோதலும் கிடைத்தது.

ஒரு கிளைக்கதையின் அட்டைகளை மொத்தமாகக் கழற்றிப் பாருங்கள். கடைசி எபிசோட் அசையாமல் நின்றால் அது வெறும் அடைசல். நீக்க மனமில்லையா? மூலவழக்கின் ஒரு சாட்சியத்தை அந்தக் கிளைக்கதை ஆளிடம் கொடுங்கள்.

பொய்யான சந்தேக நபருக்கு இரண்டு எபிசோட் போதும். அவர் நிரபராதி என்று தெரியும்போதே ஒரு துப்பும் கைக்கு வரவேண்டும்: அவர் அங்கே இல்லை, ஆனால் வழியில் அந்த வண்டியைப் பார்த்தார். வெறுங்கையோடு அனுப்பினால் அத்தனை நேரமும் வீண்.

வேகம் வேண்டும் என்று எல்லாவற்றையும் நறுக்கிவிடவும் கூடாது. பெரிய உண்மை உடைந்த பிறகு ஓரிரு நிமிட அமைதி இல்லாவிட்டால் அது மனதில் இறங்காது. ஒரே எபிசோடில் மூன்று ட்விஸ்ட் வைத்தால் மூன்றுமே வீணாகும். வெட்ட வேண்டியது காட்சியின் முன்பகுதியை. திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம். நான்கு பக்க விசாரணையில் புதுத் தகவல் நாலாம் பக்கத்தில்தான் வருகிறதென்றால், மூன்றாம் பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள்.

கடைசியாக, கதை தெரியாத மூன்று பேரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். “பிடித்ததா?” என்று கேட்காதீர்கள், மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். ஒவ்வோர் எபிசோட் முடிந்ததும், அடுத்து என்ன தெரிய வேண்டும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நீங்கள் முன்பே விடை சொன்ன கேள்வியை எழுதினால், விடை தெளிவாக விழவில்லை. தாள் வெறுமையாக வந்தால் அந்த எபிசோடின் கடைசிப் பத்து நிமிடத்தைத் திரும்ப எழுதுங்கள்.