மூட்டு அசைவுகளைச் சொந்த உடலிலேயே கண்டறிவது எப்படி?

மூட்டு அசைவுகளின் பெயர்களை மனப்பாடம் செய்த மாணவர்களும் செய்முறைத் தேர்வில் தடுமாறுவதுண்டு. அசைவை எந்த நிலையிலிருந்து கணக்கிட வேண்டும் என்பதில் தெளிவில்லாததே பெரும்பாலும் அதற்குக் காரணம். ஆகவே முதலில் நிமிர்ந்து நின்று, கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, உள்ளங்கைகளை முன்புறம் திருப்புங்கள். இதுவே உடற்கூறியல் நிலை. எல்லாப் பெயர்களும் இதை வைத்தே வழங்கப்படுகின்றன.

முழங்கையை மடக்கிப் பாருங்கள். எலும்புகளுக்கிடையிலான கோணம் குறைவது மடக்கல், மீண்டும் விரிவது நீட்டல். முழங்கை ஏறத்தாழ 140 முதல் 150 பாகை வரை மடங்கும். முன்னால் போவதெல்லாம் மடக்கல் என்ற குறுக்குவழியை நம்ப வேண்டாம்: தோளை மடக்கினால் கை முன்னால் எழும், முழங்காலை மடக்கினாலோ கீழ்க்கால் பின்னால் செல்லும்.

உடலின் நடுக்கோட்டிலிருந்து உறுப்பு விலகுவது விலக்கல், திரும்பி வருவது சேர்த்தல். கைவிரல்களுக்கு மட்டும் நடுவிரலே மையக்கோடு. கால்விரல்களுக்கு இரண்டாம் விரல். கையைப் பக்கவாட்டில் தலைக்கு மேல் வரை உயர்த்தும் 180 பாகையில் ஏறத்தாழ 120 பாகைதான் தோளின் பந்துகிண்ண மூட்டில் நிகழ்கிறது. மீதம் 60 பாகையைத் தோள்பட்டை எலும்பு சுழன்று தருகிறது. நண்பர் ஒருவரின் தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் விரலை வைத்துக்கொண்டு அவரைக் கையை உயர்த்தச் சொன்னால், அம்முனை வெளிப்புறமாக நகர்வது விரலுக்கே தெரியும்.

முன்கையின் திருப்பத்தில்தான் குழப்பம் அதிகம் என்பதால் அதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஒதுக்கலாம். முழங்கையை விலாவோடு ஒட்டி 90 பாகைக்கு மடக்குங்கள். கையை நீட்டிவைத்துத் திருப்பினால் தோளின் சுழற்சியும் கலந்துவிடும். கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல் உள்ளங்கை மேலே இருப்பது மல்லாத்தல். கீழ்நோக்கித் திருப்புவது குப்புறுத்தல். இப்போது மறுகையின் கட்டைவிரலை முழங்கையின் வெளிப்புற எலும்பு மேட்டுக்குச் சற்றுக் கீழே அழுத்தி, உள்ளங்கையைப் புரட்டுங்கள். விரலடியில் உருள்வது, முன்கையில் கட்டைவிரல் பக்கமுள்ள ரேடியஸ் எலும்பின் தலை. சுண்டுவிரல் பக்க எலும்பான அல்னா பெரும்பாலும் தன் இடத்திலேயே இருக்க, ரேடியஸின் கீழ்ப்பகுதி அதன்மேல் குறுக்காகப் படிவதே குப்புறுத்தல். மல்லாத்தும்போது மேற்கையின் பைசெப்ஸ் தசை திரள்வதையும் தொட்டுணரலாம். வலக்கைக்காரர் திருகாணியை இறுக்கும்போது உழைப்பது அதுவே.

கட்டைவிரல் மற்ற விரல்களுக்குச் செங்குத்தாக அமைந்திருப்பதால் அதன் அசைவுத் தளமும் மாறுகிறது: உள்ளங்கையின் குறுக்கே சென்றால் மடக்கல், உள்ளங்கையை விட்டு முன்னோக்கி எழுந்தால் விலக்கல். அது பிற விரல்நுனிகளைத் தொட உதவுவது அடியிலுள்ள, குதிரைச் சேணம் போன்ற வடிவுடைய சேண மூட்டு.

பாதத்தை மேலும் கீழும் அசைப்பது கணுக்கால் மூட்டு. உள்ளங்காலை உட்புறமாகவோ வெளிப்புறமாகவோ திருப்புவது முதன்மையாக அதற்குக் கீழுள்ள மூட்டு. சுளுக்கு பெரும்பாலும் உட்புறத் திருப்பத்தில்தான் நேர்கிறது.

கோணமானியால் இடுப்பை அளக்கும்போது முழங்காலின் நிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். முழங்காலை மடக்கியிருந்தால் இடுப்பு ஏறத்தாழ 120 பாகை மடங்கும். முழங்கால் நீண்டிருந்தாலோ தொடையின் பின்தசைகள் இறுகி, அதற்கு வெகு முன்பே தடுத்துவிடும்.