கோடை முழுக்க நின்ற கால்கள்

ஒரு கோடை முழுக்க தீம் பார்க்கில் வேலை, தங்கல் பக்கத்திலேயே. ரோலர் கோஸ்டரில் ஏறுகிறவர்களின் தடுப்புக் கம்பியை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து அனுப்புவது என் பொறுப்பு. சங்கிலி ரயிலை மேலே இழுக்கும்போது டக் டக்கென்று சத்தம் வருமே, ரயில் பின்னால் உருளாதபடி இரும்புக் கொக்கி பல் பல்லாக விழும் சத்தம் அது. எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கால்தான் பாடாய்ப் படுத்தியது. முதல் வாரமே இரண்டு குதிகாலிலும் கொப்புளம். அறையில் சாக்ஸைக் கழற்றினால் தோலோடு ஒட்டிக்கொண்டு வரும். பிளாஸ்திரி மதியத்துக்குள் வியர்வையில் உரிந்துவிடும்.

அப்புறம்தான் காரணம் பிடிபட்டது. பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும்; ஈரத்தோலில் உராய்வு அதிகம். பாலியஸ்டர் கலந்த சாக்ஸுக்கு மாறினேன், மதிய இடைவேளையில் காய்ந்த இன்னொரு ஜோடி. நாளெல்லாம் நின்றால் பாதம் வீங்கும் என்பதால் புது ஷூவை மாலையில் போட்டுப் பார்த்து வாங்கினேன்.

பெரிய மாற்றம் தந்தது லேஸ்தான். ஷூவின் மேல்நுனியில் சும்மா விட்டிருக்கும் கூடுதல் ஓட்டைக்குள் லேஸை அதே பக்கமாக விட்டு, இரு பக்கமும் சிறு வளையம் செய்யுங்கள். லேஸின் நுனிகளை எதிர்ப்பக்க வளையத்துக்குள் நுழைத்து, இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் நழுவாது.

கொப்புளத்தைக் குத்தி உடைக்கவில்லை. மேல்தோல்தானே அதற்குக் காவல். பத்தே நாளில் ஆறியது. சீசன் முடியும்வரை அதே ஷூதான்.